கொல்லன் மகன் ஃபாரடேயும் அணைஞ்சு போற எங்க வீட்டு கீசரும்

போன மார்கழி, செமஸ்டர் லீவுக்குக் கோவில்பட்டி போயிருந்தேன். வெயில் ஊர்தானே, அங்க எதுக்கு வெந்நீர்னு கேட்காதீங்க. கரிசல் காட்டு விடியக்காலைப் பனியில ஒரு நாள் பச்சைத் தண்ணியில குளிச்சுப் பாருங்க, அப்புறம் கேட்க மாட்டீங்க. எங்க வீட்டுக் குளியலறைக்குள்ள ஒரு கேஸ் கீசர் இருக்கு. சிலிண்டர் வெளிய, கீசர் உள்ள. அந்த வாரம் அது ஒரு புதுப் பழக்கம் கத்துக்கிட்டிருந்தது. திறந்ததும் நல்லா எரியும், தண்ணி சூடா வரும். தலைக்கு ஷாம்பு போட்டுக் கண்ணை மூடிக்கிட்டு நிக்கிற நேரம் பார்த்து அணைஞ்சிடும்.

மெக்கானிக்கைக் கூப்பிடலாம்னேன். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்கிற புள்ள வீட்டுல இருக்கும்போது மெக்கானிக் எதுக்குன்னு அப்பா கேட்டுட்டார். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல நல்ல மார்க்தான். ஆனா ஒரு கீசர் மூடியைக் கூட நான் அதுவரை கழட்டிப் பார்த்ததில்லை. உங்கள்ல பாதிப் பேருக்கும் இதே நிலைமைதான்னு எனக்குத் தெரியும், அதனால தைரியமா சொல்றேன்.

அந்த வாரம் எனக்கு உருப்படியா உதவி செஞ்சவர் 1867-ல் இறந்துபோன ஒருத்தர். பிளஸ் டூ பிசிக்ஸ்ல நீங்களும் அவரைப் பார்த்திருப்பீங்க. ஃபாரடே விதி, இண்டக்ஷன், அஞ்சு மார்க். அந்த அஞ்சு மார்க்குக்குப் பின்னாடி நெருப்பைப் பார்த்து ஏன், எப்படின்னு வாழ்நாள் முழுக்கக் கேட்ட ஒரு மனுஷன் இருக்கார். போன்ல ஓசியில இறக்கின அவரோட மெழுகுவர்த்திப் புத்தகத்தை அப்பதான் பாதி படிச்சிருந்தேன். அதனால அவர் கதையையும் கீசர் கதையையும் சேர்த்தே சொல்றேன்.

கொல்லுப்பட்டறை வீடு

மைக்கேல் ஃபாரடே பிறந்தது 1791 செப்டம்பர் 22, லண்டனுக்குத் தெற்கே நியூவிங்டன் என்ற இடத்தில். அப்பா ஜேம்ஸ் ஃபாரடே கொல்லர். குதிரைக்கு லாடம் அடிப்பது, இரும்பைக் காய்ச்சி அடிப்பதுதான் தொழில். ஆனால் அவருக்கு உடம்பு சரியில்லாமலே இருந்தது. பட்டறை ஒரு நாள் எரியும், மறுநாள் எரியாது. பட்டறை எரியாத நாளில் வீட்டு அடுப்பும் சரியாக எரியாது. 1801-ல் தானிய விலை ஏறியபோது, ஒரு ரொட்டியைக் கையில் கொடுத்து அதை வைத்து ஒரு வாரம் ஓட்டச் சொன்னார்களாம். அப்போது அந்தப் பையனுக்கு ஒன்பது, பத்து வயது.

பள்ளிக்கூடத்தில் அவர் கற்றது வாசிக்க, எழுத, கொஞ்சம் கணக்குப் போட. அவ்வளவுதான். கடைசி வரைக்கும் அவருக்கு உயர்கணிதம் வரவில்லை. நாம எம்-1, எம்-2, எம்-3ன்னு அரியர் வெச்சு எழுதுறோம் இல்லையா, அதுல எம்-1 கூடத் தெரியாத ஒருத்தர்தான் நம்ம ஊர் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாத்துக்கும் மூல காரணம்.

பதிமூன்று வயதில் வேலைக்குப் போனார். ரிபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி. வாடகைக்கு விட்ட செய்தித்தாள்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கி வருவது. 1805-ல் அதே கடையில் புத்தகம் கட்டும் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழு வருட ஒப்பந்தம்.

இந்த இடத்துல நான் படிக்கிறதை நிறுத்திட்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் சின்ன வயசுலயே தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனவங்கதான். எங்க பக்கம் தீப்பெட்டி ஃபாக்டரின்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆபீஸ்தான். சட்டத்துல ஒவ்வொரு குச்சியா அடுக்கி, அந்தச் சட்டத்தை அப்படியே மருந்துல முக்கி எடுப்பாங்க. மருந்துக்கு முன்னாடி குச்சியை மெழுகுல முக்கணும், இல்லாட்டி மருந்து பத்திக்கும், குச்சி பத்தாதுன்னு அம்மாவுக்கு அப்பவே தெரியும். ஏன்னு கேட்க அங்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஃபாரடேவுக்குக் கேட்க ஆள் கிடைத்தது, புத்தகங்கள் வழியாக. கட்ட வந்த புத்தகங்களை அவர் படித்தார். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய பகுதி, ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் புத்தகம், இரண்டும் அவரைப் பிடித்துக்கொண்டன. அந்தப் புத்தகத்தில் இருந்த சோதனைகளைச் சல்லிக்காசு சேர்த்துத் தானே செய்து பார்த்தார். ஊரில் நடந்த அறிவியல் சொற்பொழிவுக்கு ஒரு முறைக்கு ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தது அண்ணன் ராபர்ட், அவரும் கொல்லர்தான். இந்த அண்ணனை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருவார்.

1812-ல் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி நடத்திய சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். டேவி அப்போது இங்கிலாந்தின் பெரிய வேதியியல் நட்சத்திரம். பையன் போனான், ஒரு வார்த்தை விடாமல் குறிப்பெடுத்தான், படங்கள் வரைந்தான், அதைத் தானே அழகாகப் பைண்டு செய்து டேவிக்கே அனுப்பி வேலை கேட்டான். நம்ம ரெஸ்யூமே எல்லாம் அதுக்கு முன்னாடி நிக்காது. 1813 மார்ச்சில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. பழைய உதவியாளர் சண்டை போட்டு வேலை போனதால் காலியான இடம் அது.

வைரத்தை எரித்தவர்கள்

வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே டேவி தம்பதியோடு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். பெயர் உதவியாளர், ஆனால் டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகத்தான் நடத்தினார். அவமானம் தாங்காமல் அறிவியலே வேண்டாம் என்று நினைத்த நாட்களும் இருந்தன. ஆனால் அதே பயணத்தில், 1814-ல் ஃபிளாரன்ஸ் நகரில், ஒரு பெரிய லென்ஸால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்தார்கள். மிஞ்சியது கார்பன் டை ஆக்சைடு. வைரமும் கரியும் ஒன்றுதான் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களில் கொல்லுப்பட்டறைக் கரியில் வளர்ந்த அந்தப் பையனும் ஒருவர்.

1815-ல் திரும்பி வந்ததும் டேவி நிலக்கரிச் சுரங்கங்களுக்கான பாதுகாப்பு விளக்கைச் செய்யத் தொடங்கினார். சுரங்கத்தில் மீத்தேன் கசியும். திறந்த விளக்கோடு போனால் வெடிக்கும். டேவி செய்தது எளிமையான ஒன்று: சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை. சுடர் வலையைத் தாண்டும்போது கம்பி அதன் சூட்டை உறிஞ்சிவிடும். சூடு குறைந்த வாயு வெளியே பற்றாது. அந்த ஆய்வகத்தில் கூட நின்று வேலை பார்த்தவர் ஃபாரடே.

அவர் நெருப்பைப் பற்றிக் கற்ற அடிப்படை இதுதான். எரிபொருள், காற்று, சூடு. மூன்றில் ஒன்றை எடுத்தாலும் நெருப்பு அணையும். டேவி விளக்கு எடுத்தது சூட்டை. எங்க வீட்டு கீசர்ல போறது மூணுல எது? நான் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்னு அப்பதான் புரிஞ்சது.

ஒரு நேரத்தில் ஒன்று

ஃபாரடேவின் ஆய்வகக் குறிப்பேடு ஒரு தனி உலகம். ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டு எழுதியிருக்கிறார், 16,000-க்கு மேல் போகிறது. வேலை செய்யாத சோதனையையும் அதே பொறுமையோடு எழுதினார். எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை, என்ன நடந்தது. முடிவு தெரியும் முன்னாடியே ரீடிங் எழுதுற நம்ம லேப் ரெக்கார்டோட இதை ஒப்பிட வேண்டாம், வருத்தம்தான் மிஞ்சும்.

நானும் ஒரு பழைய நோட்டை எடுத்தேன். முதல்ல கீசர் எப்படி எரியுதுன்னு பார்த்தேன். குழாயைத் திறந்ததும் ஓடுற தண்ணி உள்ளே ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும். அது ஒரு சின்ன ஸ்விட்சைத் தட்டும். ரெண்டு பேட்டரியில ஓடுற கண்ட்ரோல் பெட்டி முழிச்சுக்கிட்டு, டிக் டிக்னு பொறி அடிச்சு, சோலினாய்டு வால்வைத் திறந்து கேஸை விடும். பர்னர் மேல ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும், அதுதான் சுடர் சென்சார். சுடருக்குள்ள மின்னேற்றம் உள்ள துகள்கள் இருக்கிறதால கம்பியிலிருந்து பர்னருக்கு மைக்ரோ ஆம்பியர் அளவுல ஒரு துளி மின்னோட்டம் போகும். அது போற வரைக்கும்தான் வால்வு திறந்திருக்கும். சுடர் இல்லைன்னா மின்னோட்டம் இல்லை, கேஸ் நின்னுடும். இது போக, செம்பு உடம்பு அளவுக்கு மீறிச் சூடானா நிறுத்துற கட்-ஆஃப் ஸ்விட்ச் ஒண்ணு. ஆக, கீசர் அணைய நாலு வழி: தண்ணி, பேட்டரி, சுடர், சூடு.

எண் 1: பேட்டரி மாத்தினேன். பொறி பலமா அடிச்சது, ஆனா அணையுறது நிக்கலை. எண் 2: தண்ணி. எங்க ஊர்ல நல்ல தண்ணி தினமும் வராது, மேல் தொட்டியில பாதிக்குக் கீழ இருந்தா அழுத்தம் இருக்காது, சவ்வு தள்ளாது. தொட்டியை நிரப்பினேன். அப்பவும் அணைஞ்சது. எண் 3: சென்சார் கம்பியில கரி படிஞ்சிருந்தது. கேஸை மூடி, ஆற விட்டு, மெல்லிய உப்புத்தாளால தேய்ச்சேன். ஒரு நாள் நல்லா எரிஞ்ச மாதிரி இருந்தது. மறுநாள் அம்மா குளிக்கும்போது திரும்ப அணைஞ்சது. கரி ஏன் படிஞ்சதுன்னு நான் கேட்டிருக்கணும். கேட்கலை.

சிலிண்டரின் அடியில் ஒரு திரவம்

கேட்டிருப்பார் ஃபாரடே. 1820-களில் லண்டனில் ஒரு கம்பெனி, எண்ணெயைக் காய்ச்சி எடுத்த எரிவாயுவைச் சுமார் 30 மடங்கு காற்றழுத்தத்தில் கலன்களில் அடைத்து வீடுகளுக்கு விளக்கெரிக்கக் கொடுத்தது. நம்ம சிலிண்டருக்குத் தாத்தா மாதிரி. அழுத்தி அடைத்த கலனுக்குள் ஒரு திரவம் தங்கியது. மற்றவர்களுக்கு அது கழிவு. ஃபாரடே அதை வாங்கிவந்து திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்து, 1825-ல் ஒரு புதுப் பொருளைப் பிரித்தார். அதுதான் பென்சீன். பதினோராம் வகுப்புல அறுகோணம் போட்டுப் போட்டு உங்களுக்கும் கை வலிச்சிருக்கும். அது ஒரு கேஸ் கலனோட அடியிலிருந்து வந்தது.

1831 ஆகஸ்ட் 29-ல் ஓர் இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் கம்பி சுற்றி, ஒரு பக்கம் மின்சாரத்தைப் பாய்ச்சும் கணத்திலும் நிறுத்தும் கணத்திலும் மறுபக்க ஊசி ஆடுவதைக் கண்டார். நடுவில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆடவில்லை. மாற்றம் இருந்தால்தான் மின்சாரம். அந்த வளையம்தான் முதல் டிரான்ஸ்ஃபார்மர். எங்க கீசர்ல ரெண்டு பேட்டரியோட 3 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டா உயர்த்திப் பொறி அடிக்கிற சின்னப் பெட்டிக்குள்ளயும் அதே வளையத்தோட பேரன்தான் உட்கார்ந்திருக்கு.

கலங்கரை விளக்கும் நூலகமும்

1836-ல் இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைக் கவனிக்கும் டிரினிட்டி ஹவுஸ் அமைப்பு அவரை அறிவியல் ஆலோசகராக வைத்தது. ஏறக்குறைய முப்பது வருடம் அந்த வேலையைச் செய்தார். காற்றிலும் பனியிலும் கடலோரக் கோபுரங்களில் ஏறி இறங்கினார். பாடப் புத்தகத்துல இது வராது. ஆனா அவரோட பெரிய பழுதுபார்ப்பு இங்கதான் நடந்தது.

புகார் இது: விளக்கு நன்றாகத்தான் எரிகிறது, ஆனால் கப்பலுக்கு வெளிச்சம் மங்கலாகத் தெரிகிறது. கண்ணாடிச் சுவரின் உட்பக்கம் தண்ணீர் வழிந்தது. குளிர்காலத்தில் அது பனிக்கட்டியாக உறைந்தது. மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று யாருக்கும் தோன்றும். ஃபாரடே விளக்கைப் பார்த்தார். எண்ணெயில் இருக்கும் ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீராகும். ஒரு கிலோ எண்ணெய் எரிந்தால் ஒரு கிலோவுக்கும் அதிகமான தண்ணீர் ஆவியாக வரும். போக வழி இல்லாமல் அது கண்ணாடியில் படிகிறது. அதோடு கலந்த கார்பன் டை ஆக்சைடைத்தான் விளக்குக் காவலாளிகள் இரவு முழுக்கச் சுவாசிக்கிறார்கள்.

அவர் விளக்கைத் தொடவில்லை. விளக்குக்கு மேலே ஒரு புகைபோக்கிக் குழாய் வைத்து, எரிந்து முடிந்ததை அப்படியே கூரைக்கு வெளியே கொண்டுபோனார். கண்ணாடி காய்ந்தது, வெளிச்சம் தெளிந்தது.

இதே சிக்கல் அவர் உறுப்பினராக இருந்த அதீனியம் கிளப்பின் நூலகத்திலும் வந்தது. கேஸ் விளக்குகளின் புகையில் புத்தகங்களின் தோல் அட்டைகள் கெட்டுப்போயின. ஒரு காலத்தில் அட்டை கட்டிப் பிழைத்தவர் இல்லையா, அங்கேயும் புகையை வெளியே இழுக்கும் குழாய் விளக்கை அமைத்துக் கொடுத்தார். அந்தக் கண்டுபிடிப்பின் உரிமையைத் தான் வைத்துக்கொள்ளாமல் அண்ணன் ராபர்ட்டுக்கே கொடுத்தார். ராபர்ட் அப்போது எரிவாயு விளக்குத் தொழிலில் இருந்தார். 1843-ல் ராபர்ட் பெயரில் காப்புரிமை பதிவானது. சிறுவயதில் கொடுத்த ஷில்லிங்குகளுக்குத் தம்பி திருப்பிச் செய்தது இது.

இந்தப் பகுதியைப் படிச்சுட்டு நான் எழுந்து குளியலறைக்குப் போனேன். சுவர் முழுக்கத் தண்ணி வழிஞ்சுக்கிட்டிருந்தது. அது வெந்நீர் ஆவி மட்டும்தான்னு அதுவரை நினைச்சிருந்தேன். அண்ணாந்து வெண்டிலேட்டரைப் பார்த்தேன். அதுல ஒரு அட்டை. தீபாவளிக்கு வந்தப்ப கொசு வருதுன்னு டேப் போட்டு ஒட்டினது. ஒட்டினது நான்தான்.

நோட்டுல கணக்குப் போட்டேன், நீங்களும் போட்டுப் பாருங்க. ஒரு கிலோ எல்பிஜி முழுசா எரிய 12, 13 கன மீட்டர் காற்று வேணும். எரிஞ்சா சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஒன்றரை கிலோவுக்கு மேல தண்ணி. நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணியை 25 டிகிரி சூடாக்கினா மணிக்குச் சுமார் ஒரு கிலோ கேஸ் போகும். எங்க குளியலறை 5 அடிக்கு 4 அடி, உயரம் 8 அடி, அதாவது நாலரை கன மீட்டர். அப்ப இருபது நிமிஷத்துல கீசர் கேட்கிறது கிட்டத்தட்ட அந்த அறையில இருக்கிற மொத்தக் காற்றையும். கதவைச் சாத்தி, வெண்டிலேட்டரையும் அடைச்சு, உள்ளே ஒரு ஆள்.

சோதனை எண் 4: கதவைத் திறந்து வெச்சு, வெறும் வாளிக்குத் தண்ணி பிடிச்சு இருபது நிமிஷம் ஓட விட்டேன். அணையலை. எண் 5: கதவைச் சாத்திட்டு நான் வெளியில நின்னு ஜன்னல் கண்ணாடி வழியா பார்த்தேன். சில நிமிஷத்துல நீலச் சுடரோட நுனி மஞ்சளாச்சு. அப்புறம் கீசர் அணைஞ்சது. பழுது கீசர்ல இல்லை, அறையில.

சுரங்கத்தில் கேட்ட கேள்வி

1844 செப்டம்பர் 28-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் ஹாஸ்வெல் சுரங்கம் வெடித்து 95 பேர் இறந்தார்கள். பெரியவர்களும் சிறுவர்களும். அரசாங்கம் ஃபாரடேவையும் புவியியலாளர் சார்லஸ் லயெல்லையும் அனுப்பியது. ஃபாரடே சுரங்கத்துக்குள் இறங்கினார். உள்ளே காற்று எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டார். ஒருவர் கொஞ்சம் வெடிமருந்துப் பொடியை மெழுகுவர்த்திச் சுடர் வழியாக விட, இன்னொருவர் அந்தப் புகை எவ்வளவு நேரத்தில் அடுத்த முனைக்குப் போகிறது என்று கடிகாரம் பார்த்தார். அந்த வெடிமருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஃபாரடே அடுத்துக் கேட்டார். அவர் உட்கார்ந்திருந்த மூட்டைதான் அது. லயெல் பிற்காலத்தில் சொன்ன சம்பவம் இது.

வாயு மட்டும் வெடிக்கவில்லை, நிலக்கரித் தூசியும் சேர்ந்து எரிந்தது என்று இருவரும் அறிக்கை எழுதினார்கள். வாயு தேங்கும் இடத்திலிருந்து அதைக் குழாய் வைத்து இழுக்கவும் வழி சொன்னார்கள். செலவு அதிகம் என்று முதலாளிகள் தட்டிக் கழித்தார்கள். தூசி பற்றிய எச்சரிக்கையும் பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்தது.

சுரங்க வெடிப்பில் தீயில் கருகாதவர்களும் சாவார்கள். காற்றுப் பற்றாமல் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடைக் கக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். முதல் அறிகுறி தலைவலி.

அம்மா அந்த வாரம் முழுக்க, குளிச்சுட்டு வந்தா தலை பாரமா இருக்கு, பனி ஒத்துக்கலைன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. நான் காதுல வாங்கவே இல்லை. கீசரைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

இன்னொண்ணும் சொல்லணும். முந்தின நாள், சென்சாரைத் தேய்ச்சும் சரியாகலைன்னு தெருமுனையில கேஸ் அடுப்பு வேலை பார்க்கிற ஒரு அண்ணாச்சியைக் கேட்டிருந்தேன். நல்ல மனுஷர், காசு கூட வாங்கலை. கட்-ஆஃப் ஸ்விட்ச் ஒயரு ரெண்டையும் நேரா ஜாயின்ட் அடிச்சு விட்டா அதுக்கப்புறம் நிக்கவே நிக்காது தம்பின்னார். ரொம்பப் பேர் அப்படித்தான் ஓட்டுறாங்களாம். ஒயரை வெட்ட நான் கத்தரிக்கோல் கூட எடுத்துட்டேன். அப்ப கரண்ட் போச்சு, வெளிச்சம் இல்லை, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டேன். அவ்வளவுதான் நடந்தது. என் புத்திசாலித்தனம் அதுல ஒண்ணும் இல்லை.

சூடு போக வழியில்லாம செம்பு உடம்பு கொதிச்சதும் கட்-ஆஃப் தன் வேலையைச் செஞ்சிருக்கு. ஒவ்வொரு தடவை அணையும்போதும் அம்மா சலிச்சுக்கிட்டுக் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாங்க. அந்தக் கதவு திறந்ததாலதான் காற்று மாறியிருக்கு. அணையாம எரிஞ்சிருந்தா கதவு திறந்திருக்காது.

ஃபாரடேவும் நின்றார்

அவர் வாழ்க்கையில் நிறையப் பேர் சொல்லாமல் விடும் ஒரு பகுதி இருக்கிறது. 1830-கள் முழுக்க ஓயாத வேலை. இண்டக்ஷன், மின்பகுப்பு விதிகள், வெள்ளி மாலைச் சொற்பொழிவுகள், கலங்கரை விளக்கம், நீதிமன்றச் சாட்சியம். 1839 முடியும்போது உடம்பும் மனசும் சேர்ந்து நின்றுவிட்டன. தலைசுற்றல், ஞாபக மறதி. எழுதிய குறிப்பைப் படித்தால் தானே எழுதியதா என்று சந்தேகம். ராயல் இன்ஸ்டிடியூஷன் அவரைத் துரத்தவில்லை, வேலையிலிருந்து விடுவித்து ஓய்வெடுக்கச் சொன்னது. மனைவி சாரா அவரை விருந்து, கூட்டம் எல்லாவற்றிலிருந்தும் காத்தார்.

1841-ல் ஸ்விட்சர்லாந்து போனார்கள். ஆய்வகம் கிடையாது, நடை மட்டும். ஒரே நாளில் 45 மைல் நடந்த நாளும் உண்டு. இன்டர்லாக்கன் ஊரில் ஆணி அடிக்கும் கொல்லர்களை நின்று ரசித்துப் பார்த்தார். தனக்குக் கொல்லுப்பட்டறை பிடிக்கும், தன் அப்பாவும் கொல்லர்தான் என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதினார். ஐம்பதை நெருங்கிய வயதில், ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கிய மனிதர் எழுதியது.

நாலைந்து வருடம் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. இப்ப இருந்தா இத்தனை வருஷம் ஏன் கேப்னு இன்டர்வியூல கேட்டிருப்பாங்க. 1845-ல் திரும்பி வந்தவர், காந்தம் ஒளியைத் திருப்பும் என்று காட்டினார். அதே வருடம் டயாமேக்னடிசம். பிறகு 1847-ல் காந்த முனைகளுக்கு நடுவே சுடரை வைத்து, சுடர் ஒதுங்குவதையும் ஆராய்ந்தார். தன்னிடம் இல்லாத கணிதத்துக்குப் பதிலாக அவர் வரைந்த விசைக்கோடுகளைத்தான் பின்னால் மேக்ஸ்வெல் சமன்பாடுகளாக எழுதினார்.

சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டி தலைவர் பதவியும் வேண்டாம் என்றார். 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில், 69 வயதில், ஞாபகம் தளர்ந்துகொண்டிருந்த நேரத்தில், சிறுவர்களுக்கு முன் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து ஆறு நாள் பேசினார். சுடர் ஏன் மேல்நோக்கிப் போகிறது, மஞ்சள் எங்கிருந்து வருகிறது, மேலே கவிழ்த்த குளிர்ந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏன் படிகிறது, ஜாடிக்குள் மூடினால் ஏன் அணைகிறது. வில்லியம் குரூக்ஸ் தொகுத்து 1861-ல் அது புத்தகமானது. நான் போன்ல வெச்சிருந்தது அதுதான். மஞ்சள்னா எரியாத கரித்துகள் சூடேறி ஒளிர்வதுன்னு அதுல இருக்கு. சென்சார்ல படிஞ்ச கரிக்கும், நுனியில வந்த மஞ்சளுக்கும், சுவர்ல வழிஞ்ச தண்ணிக்கும் பதில் அந்த ஒரு மெழுகுவர்த்தியிலயே இருந்தது.

1867 ஆகஸ்ட் 25-ல், ஹாம்ப்டன் கோர்ட்டில் ராணி கொடுத்திருந்த வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்தார். ஹைகேட் கல்லறையில் எளிமையாக அடக்கம் செய்தார்கள்.

எங்க வீட்டுல அன்னைக்கே அட்டையைப் பிய்ச்சு எறிஞ்சேன். அடுத்த வாரம் கீசரை வெளிச்சுவருக்கு மாத்தி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவந்தோம். மாத்திக் கொடுத்தது அதே அண்ணாச்சிதான். ஏன் மாத்துறோம்னு நோட்டைக் காட்டிச் சொன்னேன். ஜாயின்ட் அடிச்சு விட்ட வீடுகளுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடுறேன்னு சொன்னார். அம்மாவுக்குத் தலைபாரம் போயிடுச்சு, பனி மட்டும் அப்படியேதான் இருந்தது.

நீங்க அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனதும் இதைச் செய்யுங்க. வீட்டுலயோ, நண்பர்கள் எடுத்திருக்கிற வாடகை ரூம்லயோ கேஸ் கீசர் குளியலறைக்குள்ள இருந்தா, அதை வெளிய மாத்தச் சொல்லுங்க. மாத்துற வரைக்கும் முதல்ல வாளியில தண்ணி பிடிங்க, கீசரை அணைங்க, கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைங்க, அப்புறம் குளிங்க. வெண்டிலேட்டரை அண்ணாந்து பாருங்க. சுடர் மஞ்சளா இருந்தாலோ அடிக்கடி அணைஞ்சாலோ, காற்று எங்கிருந்து வருது, புகை எங்க போகுதுன்னு முதல்ல பாருங்க. எந்த ஸ்விட்சையும் ஜாயின்ட் அடிக்க விடாதீங்க. வீட்டுல யாராவது குளிச்சுட்டு வந்து தலை வலிக்குதுன்னு சொன்னா, கையில இருக்கிற வேலையை விட்டுட்டு அதைக் கேளுங்க.